மலையில் வாங்கிய புயல்

எங்கள் ஊரில் பழைய பொருள் என்று எதுவும் கிடையாது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டில் இருக்கிறோம். உப்புக் காற்று மூன்று வருடத்தில் இரும்புக் கட்டிலைத் தின்றுவிடும். சைக்கிள் வாங்கிய மறுவருடமே செயின் சிவந்துவிடும். மிச்சம் மீதி இருந்ததையும் எனக்கு மூன்று வயதிருக்கும்போது கடல் வீட்டுக்குள் வந்து எடுத்துக்கொண்டு போனது. அதனால் எங்கள் வீட்டில் இருக்கும் பாத்திரம், பெட்டி, சாமி படம் எல்லாமே என்னைவிட வயதில் சின்னவை.

அதனாலோ என்னவோ எனக்குப் பழைய சாமான் என்றால் பைத்தியம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். பொன்னேரியில் கல்லூரி முடித்து, அங்கேயே ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு மலைக்குப் போய்விடுவேன். மலையில் படகு சவாரிக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நான் தேடுவது பழைய பொருள் விற்கும் கடைகளை. மலைக் குளிரில் பொருள்கள் சாவதில்லை. ஏற்காட்டில் ஒரு பச்சை எனாமல் கெட்டில் கிடைத்தது. கொடைக்கானலில் பீங்கான் மைக்கூடு. மூடி கழன்றுவிடாத பிஸ்கட் டப்பா ஒன்று, அதன் மேல் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தை நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருக்கும்.

"ஊரே காயலாங்கடையில போடுறத்த இவ மட்டும் துட்டு குடுத்து வாங்கியாறா" என்பாள் பக்கத்து வீட்டிலிருக்கும் சித்தி. ஆனால் அந்த கெட்டிலில் டீ போட்டால் முதல் டம்ளர் அவளுக்குத்தான் வேண்டும்.

போன ஐப்பசியில் அப்பாவையும், எங்கள் பேச்சில் நைனா, குன்னூருக்கு அழைத்துக்கொண்டு போனேன். நைனா அதுவரை மலையைப் பார்த்ததில்லை. "நாலு நாளு தொழில நான் பாத்துக்கறேன். போய்ட்டு வாண்ணா" என்று சித்தப்பா அனுப்பி வைத்தார். இரவல் வாங்கிய ஸ்வெட்டரும் வேட்டியுமாக நைனா குன்னூர் ஸ்டேஷனில் நின்றார். பெயர்ப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்று எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன்.

"நம்ம கடலுலேர்ந்தா அளக்குறான்?"

"ஆமா நைனா."

"இம்மாந்தொலவு வந்து நம்மளத்தான் எழுதி வச்சிக்கீறான் பாரு" என்றார். அன்று முழுக்க அவருக்கு அதில் ஒரு பெருமை.

கடை மார்க்கெட்டுக்கு மேலே, படி ஏறிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. தகரக் கூரை, அந்துருண்டை வாசனை. ஒரு அம்மா தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டைப்ரைட்டர், தொப்பிகள், கைப்பிடி தந்தத்தைப் போலிருந்த கத்திகள், தேயிலை ருசி பார்க்கும் வெள்ளைக் கிண்ணங்கள். நான் மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகப் பார்ப்பவள். நைனாவோ எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பித் துருவைத் தேடினார்.

"துருவே இல்ல பாப்பா" என்றார், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்பது போல.

ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே அரிசி அளவில் தூண்டில் முட்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன இறகு கட்டியிருந்தது.

"இது இன்னா மீனு புடிக்கம்மா?"

"வெள்ளைக்காரங்க ஆத்துல ட்ரவுட்டுன்னு ஒண்ணு புடிப்பாங்க. அதுக்குங்க" என்றார் கடைக்கார அம்மா.

"நான் கொசு புடிக்கறதுக்குன்னு நெனச்சிக்கினேன்."

அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். மரச் சட்டத்தில், பித்தளை விளிம்போடு, தட்டு போல் வட்டமாக ஒன்று. கண்ணாடிக்குள் ஒரு கறுப்பு முள். சுற்றிலும் ஆங்கிலத்தில் வானிலை: நல்ல நாளுக்கு ஃபேர், பிறகு சேஞ்ச், ரெயின், கடைசியில் புயலுக்கு ஸ்டார்மி. எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. காற்றழுத்தமானி. பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்தது வேறு மாதிரி இருந்தது. அது பாதரசமும் நீளமான கண்ணாடிக் குழாயும். இருந்தாலும் பெயர் எனக்குத் தெரிந்தது. கடைக்கார அம்மாவுக்குத் தெரியவில்லை. "நேத்து சாயங்காலந்தான் ஒரு பங்களாவுலருந்து வந்துச்சுங்க. ஓடுதா இல்லையான்னுகூடத் தெரியாதுங்க" என்றார். எனக்கு அது போதாதா.

"இது காத்தோட அழுத்தத்தைக் காட்டுற கருவி நைனா. முள்ளு கீழ போனா புயல்."

நைனா கிட்டே வந்தார். டிவியில் எந்தச் செய்தியைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், காற்றழுத்தத் தாழ்வு என்ற இரண்டு சொல் வந்தால் எங்கள் ஊரில் சோற்றுக் கை அப்படியே நிற்கும்.

"காத்தழுத்தத் தாழ்வுங்கறானே, அத்தக் காட்டுமா இது?"

"அதேதான்."

"இப்ப எங்க நிக்குது?"

முள் ஸ்டார்மியையும் தாண்டி, எழுத்தே இல்லாத இடத்தில், அடியில் போய் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் கண்ணாடியைத் தட்டினேன். அசையவில்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது, மூடுபனி வேறு.

"புயலுக்கும் கீழ நைனா" என்றேன்.

நைனாவின் முகம் மாறியது. எனக்கு உடனே புரிந்தது. அன்று சித்தப்பாவின் பாடு.

எங்கள் ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்களை யாரும் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. முறை வைத்துச் சுற்றிவரும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். இன்று உன் பாடு என்றால் சாயங்காலம் அந்த இடத்தில் கழி நட்டு வலை கட்டலாம், விடிகாலை வாரலாம். போகாவிட்டால் போனதுதான். மாற்றிக்கொள்ள முடியாது, கேட்கவும் கூடாது. அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்கவேண்டும். அதுவும் ஐப்பசியில் முகத்துவாரத்துக்குப் பக்கத்துப் பாடு என்றால் அந்த வீட்டில் இரண்டு நாள் முன்பிருந்தே பேச்சு அதுதான். ஆனால் கட்டிய வலை மேல் புயல் வந்தால் கழியும் போகும், வலையும் போகும், சில சமயம் ஆளும்.

"போன்ல புயல் மெசேஜ் ஒண்ணும் வரல நைனா" என்றேன்.

"மெசேஜு பின்னாடி வரும்." அவர் முள்ளையே பார்த்தார். "நீ சரியாத்தான படிச்ச?"

"நான் சரியாத்தான் படிச்சேன்."

எங்கள் ஊரில் காற்று பார்ப்பதில் நைனாவுக்கு ஒரு பெயர் உண்டு. படகு தள்ளுமுன் வந்து "இன்னாண்ணா சொல்ற?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடமே போகாத அவருக்கு அதுதான் பட்டம். கடை வாசலில் நின்று அவர் சித்தப்பாவுக்கு போன் போட்டார். "இன்னிக்கு வலை கட்டாத. காத்து சரியில்ல. இன்னா எப்டின்னு கேக்காத, கட்டாத." சித்தப்பா கேட்கவில்லை. சரிண்ணா என்றார்.

நான் அந்தக் கருவியை வாங்கி, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. என் படிப்பு முதல்முறையாக எங்கள் வலையைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்தேன்.

பர்லியாறு தாண்டும்வரை முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதன்பின் ஒரு வளைவில் பார்த்தால் கொஞ்சம் எழுந்திருந்தது. அடுத்த வளைவில் ஸ்டார்மிக்கு வந்துவிட்டது. எனக்குக் காது அடைத்தது. நைனா எட்டிப் பார்த்து, "கலையுது, கலையுது. தாழ்வு வேற பக்கம் போவுது" என்றார் சந்தோஷமாக. கல்லாறு வரும்போது முள் ரெயினை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

கலைந்தது புயல் இல்லை. இறங்கியது நாங்கள்.

உயரம் போகப்போகக் காற்றழுத்தம் குறையும். ஒன்பதாம் வகுப்பில் இந்த விடையை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தக் கேள்வி எப்போதும் படத்தோடு வரும், நான்காவது வரியில் அடிக்கோடு போடுவேன். கையில் கருவியே வந்தபோது அந்த வரி நினைவுக்கு வரவில்லை.

போனை எடுத்தேன். மலைப்பாதையில் சிக்னல் இல்லை. கீழே இறங்கியதும் சித்தி எடுத்தாள். "உங்க சித்தப்பா கழியெல்லாம் கரையில ஏத்திட்டு, சும்மா குந்தினு இன்னா பண்றதுன்னு பொன்னேரிக்குப் போய்ட்டாரு. போன இங்கயே போட்டுட்டுப் போய்ட்டாரு. ஏன், புயல் எப்ப வரும்?"

"வராது சித்தி" என்றேன். மணி ஐந்தாகப் போகிறது. பொன்னேரியிலிருந்து திரும்பி, கழியைத் திரும்பப் படகில் ஏற்றி, முகத்துவாரம் போவதற்குள் பொழுது போய்விடும்.

ரயிலில் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கடல்லேர்ந்து அளக்குறான்னு போர்டுலயே எழுதிக்கீறான். நானும் பாத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

"சித்தப்பாகிட்ட நான் சொல்லிடுறேன் நைனா. நான் படிச்சதுதான் தப்பு."

"நீ ஒண்ணும் சொல்லாத. காத்து பாக்கறது என் வேல. மேகத்தப் பாத்து நான் சொன்னேன்னு இருக்கட்டும்."

"உன் பேரு கெட்டுடும்."

"எம்பேரு பழசு. நாளைக்கு ஒரு காத்து சரியாச் சொன்னா வந்துடும். உன்னுது இப்பதான் கட்னது."

உண்மையைச் சொல்லவேண்டும். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடே தூங்கிவிட்டேன்.

மறுநாள் ஊரில் படகு கட்டும் இடத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னாண்ணா, மலைல புயல் கரையக் கடந்துடுச்சா?" என்றார் ஒருவர். "ஸ்வெட்டர் போட்டா காத்து தெரியாதுப்பா" என்றார் இன்னொருவர். நைனா சிரித்துக்கொண்டு, "மேகம் அப்டி இருந்துச்சுடா" என்றார். அதற்கு முன் அவரிடம் நான் கேட்டிராத ஒரு குரல் அது, மன்னிப்புக் கேட்கிற குரல்.

சித்தப்பா வாசலில் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சித்திதான் அடங்காமல், "ராத்திரி இறா அப்டி ஓடிச்சாம். பக்கத்துப் பாடு கட்டுனவங்க தூக்க முடியாம தூக்கினு வந்தாங்க" என்றாள். "வுடு" என்றார் சித்தப்பா. "அண்ணன் சொன்னா சொன்னதுதான்."

அந்த வார்த்தைக்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. துண்டைப் பிரித்துக் கருவியை அவர் முன்னால் வைத்தேன். "நைனா மேகத்தப் பாக்கல சித்தப்பா. நான்தான் இத்தப் படிச்சி புயலுன்னு சொன்னேன். நைனா என்னை நம்பி உனக்கு போன் பண்ணாரு."

நைனா, "பாப்பா" என்றார். நான் நிறுத்தவில்லை. ஏரி நடுவில் கழி முழுதும் முங்குகிறது, கரையோரம் முழங்கால்தான் நனைகிறது, அதுபோலக் காற்றுக்கும் ஆழம் உண்டு, நாம் அடியில் இருக்கிறோம், மலை கரையோரம் மாதிரி என்று சொன்னேன். முள் இப்போது சேஞ்சுக்கும் ஃபேருக்கும் நடுவில் நின்றது.

சித்தப்பா கண்ணாடியை விரலால் தட்டினார். "அப்போ இது அங்க எப்பவும் புயலு புயலுன்னேதான் சொல்லிக்கினு இருந்திருக்குமா?"

"ஆமா."

"அதான் அந்த ஊருல ஒருத்தனும் வலை போடல."

முதலில் சிரித்தது சித்தி. பிறகு நைனா. என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. போன பாடு போனதுதான். அந்தக் கருவியை நான் என் அலமாரிக்காக வாங்கியிருந்தேன். கெட்டிலுக்கும் மைக்கூட்டுக்கும் நடுவில் இடம்கூட ஒதுக்கியாகிவிட்டது. "இது உனக்கு சித்தப்பா" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்தி ஆணி தேடப் போனாள்.

அடுத்த சுற்றில் அவர் பாடு வந்த அன்று காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சித்தப்பா தன் வாசலிலிருந்தே கத்தினார்: "பாப்பா, முள்ளு மேல நிக்குது, சரியா?" நான் போய்ப் பார்த்து, சரி என்றேன். பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, "இன்னாண்ணா சொல்ற?" என்றார். நைனா வெளியே வந்து, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "கட்டு" என்றார். படகு கட்டும் இடத்தில் அன்றைக்கு நைனாவிடம் கேட்க வேறு இரண்டு பேரும் வந்து நின்றிருந்தார்கள்.

பித்தளை விளிம்பு இப்போதே பச்சை பூக்க ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் புளி போட்டுத் தேய்த்துவிட்டு வருகிறேன்.