மற்றும் பலர்

எனக்கு இப்போது எதற்கும் தெம்பில்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. நடவுக்குப் போவதை விட்டாயிற்று. காலையில் காபித் தண்ணி போட்டுக்கொண்டு ரேடியோவைத் திருகுவது ஒன்றுதான் பாக்கி. அதிலும் பாதி நேரம் விளம்பரக் கூச்சல். ஒழியட்டும், ஏதோ ஒரு மனுசக் குரல்.

எங்கள் வீட்டில் புதுச்சேரி ஸ்டேஷன் ஓயாமல் பாடிய காலம் ஒன்று இருந்தது. பாகூரில் நாற்று பறிக்கும்போதுகூட வரப்பில் ரேடியோ இருக்கும். செல் தீர்ந்தால் வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டுவோம். நேயர் விருப்பத்துக்குக் கார்டு எழுதிப் போடுவது என் வேலை. வீட்டில் எழுதத் தெரிந்த மருமகள் நான் ஒருத்திதான்.

எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் மாமனார், அப்புறம் மாமியார், என் வீட்டுக்காரர், கொழுந்தன். ஓரகத்தி எனக்கு இளையவள்தான், ஆனால் சீர் நிறையக் கொண்டு வந்தவள், அவளும் எனக்கு முன்னால். பிறகு பிள்ளைகள் எல்லாரும். கடைசியில் நான். எழுதி முடித்ததும் மாமியார் படிக்கச் சொல்லிக் கேட்பார். மாமனார் பெயரையும் புருஷன் பெயரையும் வாயால் சொல்லக் கூடாதே, "மாமா, அத்த, உங்க பெரிய மவன்" என்று படிப்பேன்.

"என் பேர கொஞ்சம் மேல போடட்டுமா அத்த?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நீ எங்கடி போயிடப் போற? கடைசிலியே இரு."

அறிவிப்பாளருக்கு நேரம் ஏது? ஐந்தாறு பெயர் படிப்பார், "மற்றும் பலர்" என்று முடித்துப் பாட்டைப் போட்டுவிடுவார். கார்டு வாங்கியது நான், எழுதியது நான், தபால் பெட்டி வரை நடந்தது நான். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ஒரே ஒரு தடவை என் பெயர் ரேடியோவில் வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

ஒருமுறை துணிந்து என் பெயரை முதலில் எழுதிவிட்டு, கடைசியில் இருப்பதுபோலப் படித்துக் காட்டினேன். மாமியாருக்குத்தான் எழுத்து தெரியாதே. போட்டேனே தவிர, அந்த வாரம் முழுக்க ஒரே பயம். ஐயோ, படித்துத் தொலைத்துவிடப் போகிறார்களே என்று வேண்டாத சாமியில்லை. அந்தக் கார்டையே படிக்கவில்லை. நிம்மதியாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

பிறகு டிவி வந்தது, கேபிள் வந்தது. கார்டு எழுதுவது நின்றது. மாமனாரும் மாமியாரும் போனார்கள். கொழுந்தன் பாகம் பிரித்துக்கொண்டு குடும்பத்தோடு அரியாங்குப்பம் போனார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் சென்னையில். போன வருஷம் என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். எங்கேயும் போகாதவள் நான் ஒருத்திதான்.

இப்போது கார்டு வேண்டாம், போன் போட்டால் போதும். போன வாரம் போட்டேன். ஐந்தாவது தடவை கிடைத்தது.

"வணக்கம், யாரு பேசறீங்க?" என்றாள் ஒரு பெண்.

என் பெயரைச் சொன்னேன்.

"யார் யாரெல்லாம் சேர்ந்து கேக்கப் போறீங்கம்மா?"

பழக்கதோஷம், "மாமா" என்று வாய் ஆரம்பித்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"நான் மட்டுந்தாம்மா," என்றேன்.

அந்தப் பெண் என் பெயரை இன்னொரு தடவை சொன்னாள், தெளிவாக, முழுசாக. அப்புறம் பாட்டைப் போட்டாள். மற்றும் பலர் என்று சேர்க்கவில்லை.