சனிக்கிழமை ஆறு மணி

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் குவோப்பியோ நகரத்தின் ஏதாவது ஒரு தெருமுனையில் ஹெல்கா வார்தியாயினென் பலகை நட்டுக்கொண்டிருப்பார். தரை உறைந்து கிடந்தால் பலகையின் கால் உள்ளே இறங்காது. பூட்ஸ் குதிகாலால் நாலு மிதி மிதிப்பார். அப்புறம் விற்க வேண்டிய வீட்டுக்குள் போய் எல்லா விளக்கையும் போடுவார். சன்னலைத் திறந்து முந்தைய நாள் வறுத்த மீனின் வாசத்தை வெளியே அனுப்புவார். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் பொம்மைகளைக் கழற்றி இழுப்பறைக்குள் தள்ளுவார். வருகிறவர்கள் பூட்ஸின் மேல் மாட்டிக்கொள்ள வாசலில் ஒரு கூடை நிறைய நீல பிளாஸ்டிக் காலுறைகளை வைத்துவிட்டு நிமிரும்போது மாடிப்படியில் ஆள் வரும் சத்தம் கேட்கும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் வாங்க வருவதில்லை. அது ஹெல்காவுக்குத் தெரியும்.

"வீடு வாங்கவா வந்தீங்க?" என்று கீழ்த்தளத்துக்காரரைக் கேட்பார்.

"சும்மா பாக்கத்தான். எங்க வீட்டு சமையலறையைவிட இது பெரிசான்னு என் பொண்டாட்டிக்குத் தெரியணுமாம்."

"பெரிசுதான்."

"அடடா. அதை அவகிட்ட சொல்ல முடியாதே."

ஹெல்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. வீட்டுத் தரகு வேலைக்கு வருவதற்கு முன் ஒரு செருப்புக் கடையில் இருந்தார். அந்தப் பழக்கத்தில் இன்றும் முதலில் காலைத்தான் பார்ப்பார். வாசலிலேயே நின்று "அழகா இருக்கு, வெளிச்சமா இருக்கு" என்று புகழ்கிறவர்கள் வாங்க மாட்டார்கள். பேசாமல் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்க்கிறவர்தான் வாங்குவார். ஆனால் அவரிடமிருந்தும் ஒரு சொல்லைப் பிடுங்குவது லேசில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "இதைவிட மோசமா பாத்திருக்கேன்" என்பார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்வதுதான் இந்த ஊரில் தரகர் வேலை. ஹெல்கா அதை நன்றாகவே செய்துவந்தார்.

அந்த மார்ச்சில் அவர் கைக்கு வந்தது பூயோ குன்றின் அடிவாரத்தில் நாலு மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு. மூன்றாவது மாடி, இரண்டு அறை. விற்றவர் கௌக்கோ என்ற ஓய்வுபெற்ற தபால்காரர். மகள் இருக்கும் யோயென்சூ ஊருக்குப் போகிறார். வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியாகக் கௌக்கோ குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"முக்கியமான விஷயம் ஒண்ணு. சௌனா முறை. சனிக்கிழமை ஆறு மணி."

ஹெல்காவின் புருவம் உயர்ந்தது. இந்தக் கட்டடங்களில் எல்லாம் அடித்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சௌனா, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கும் அறை, இருக்கும். வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். செவ்வாய் மதியம் யாருக்கு வேண்டும்? வெள்ளி மாலை என்றால் நல்லது. சனிக்கிழமை ஆறு மணி என்பது ஏரிக்கரையில் நிலம் இருப்பது மாதிரி. ஹெல்காவின் சொந்த வீடும் அதே தெருவில், எதிர்வரிசைக் கட்டடத்தில்தான். அதை வாங்கியபோது சனிக்கிழமை ஆறு மணி முறையும் சேர்ந்தே வந்தது. அங்கே முறை வீட்டுக்கு உரியது. அதனால் கௌக்கோ சொன்னதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கட்டட நிர்வாகியிடம் குழாய் எப்போது மாற்றினார்கள், கூரை எப்போது போட்டார்கள் என்று எல்லாம் கேட்டார். இதைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களில் ஒருவர் தொட்டிக்கு அடியில் தலையை விட்டார். ரௌனோ ம்யொஹானென். நகரப் பேருந்து ஓட்டுநர், அகன்ற முதுகு, நிதானமான கை. ஹெல்காவுக்கு அவரை ஏற்கெனவே தெரியும். போன இலையுதிர்காலத்தில் ஊருக்கு வெளியே அவரும் அண்ணன் அல்ப்போவும் பிறந்து வளர்ந்த வீட்டை விற்றுக்கொடுத்ததும் ஹெல்காதான். அந்த வீட்டின் பின்னால் விறகு அடுப்பு வைத்த சௌனா ஒன்று இருந்தது. அல்ப்போ மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். வாரம் முழுக்க வடக்கே லாப்லாந்து பக்கம் இருப்பார், சனிக்கிழமை மதியம்தான் ஊர் திரும்புவார். மாலை இரண்டு பேரும் அந்த சௌனாவில் உட்கார்வார்கள். சின்ன வயதிலிருந்து ஒரு சனிக்கிழமையும் விட்டதில்லை. வீடு போனதிலிருந்து இடம் இல்லை. நீச்சல் குளத்துப் பொதுச் சௌனாவுக்கு ஒருமுறை போனார்களாம். தெரியாத ஆட்கள் நடுவில் அல்ப்போ வாயே திறக்கவில்லை, அடுத்த வாரம் வரவும் இல்லை. இப்போது சனிக்கிழமைகளில் லாரி நிறுத்துமிடத்திலேயே தூங்குகிறார்.

"இந்த வீட்டுக்கு சௌனா முறை எப்போ?" என்று ரௌனோ கேட்டார். தலை இன்னும் தொட்டிக்கு அடியில்தான் இருந்தது.

"சனிக்கிழமை ஆறு மணி."

தலை வெளியே வந்தது. "வீட்டோட வருதா?"

"வீட்டோட வருது."

ரௌனோ சன்னல் பக்கம் போய் நின்றார். "அது மட்டும் இல்லன்னா இந்த வீட்டை நான் வாங்கவே மாட்டேன்" என்றார். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் இவ்வளவு நேராகப் பேசி ஹெல்கா கேட்டதில்லை. அன்று மாலையே அவர் விலை சொன்னார், கௌக்கோ ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை வங்கியில் கையெழுத்து என்று முடிவானது.

புதன்கிழமை ஹெல்கா, மறந்துவிட்டுப் போன காலுறைக் கூடையை எடுக்க அந்தக் கட்டடத்துக்குப் போனார். படியில் இரண்டாவது மாடிக்காரி இங்கெரி எதிரே வந்தாள். பல் மருத்துவமனை நர்ஸ், நாற்பது வயது இருக்கும். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்கதானே கௌக்கோ வீட்டை வித்தது? உங்களுக்கு ஒரு கேக் சுட்டுத் தரணும்!"

"ஏன், என்ன விசேஷம்?"

"சனிக்கிழமை ஆறு மணி எனக்கு வந்துடுச்சுல்ல! ஒன்பது வருஷமா செவ்வாய் நாலு மணியிலயே கெடந்தேன். அப்போ நான் ஒருத்தரோட பல்லுக்குள்ள இருப்பேன். முக்காவாசி நாள் முறை வீணாத்தான் போகும்."

ஹெல்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "முறை வீட்டோட போறதில்லையா இங்க?"

"இங்கயா? ஒருத்தர் கிளம்பினா வரிசையில அடுத்தவருக்கு. புதுசா வர்றவருக்கு மிச்சம் இருக்கறது. எப்பவும் அப்படித்தான். கௌக்கோ சொல்லலையா?" பிறகு அவளே சிரித்தாள். "அவர் எங்க சொல்லப்போறாரு. சனிக்கிழமை தன்னோட கூடவே பொறந்ததுன்னு நெனைச்சுட்டு இருந்தவரு."

அலுவலகத்தில் ஹெல்கா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். எதிர் மேசை யர்மோ விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினான்.

"ஒப்பந்தத்துல சௌனாவைப் பத்தி ஒரு வரியாவது இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை கையெழுத்து போடட்டும். அப்புறமா அவரே தெரிஞ்சுக்குவாரு. வாரத்துல மத்த நாள் இல்லையா, குளிக்க?"

"அவருக்கு இல்ல."

"நீ சொன்னேன்னு வெச்சுக்கோ, அந்தாளு வேண்டாம்னு போயிடுவாரு. தபால்காரர் யோயென்சூல வீடு பேசி முடிச்சுட்டாரு. அவரு கிட்ட போயி என்ன சொல்லப் போற?"

ஹெல்கா முதலில் கௌக்கோவுக்குத் தொலைபேசினார். "அது என்னோடதுதானேன்னு இருந்தேன்" என்றார் கிழவர். குரலில் ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்புறம் இங்கெரி வீட்டு மணியை அடித்தார்.

"கேக்கறது தப்புதான்" என்று ஆரம்பித்தார். முழுவதையும் சொல்லி, சனிக்கிழமையை ரௌனோவுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

இங்கெரி கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "அண்ணன் தம்பி கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னோட ஒன்பது வருஷமும் கதைதான், அதை யாரும் வந்து கேக்கல."

"நியாயம்தான்."

"கேக் கிடையாது இனிமே" என்றாள் இங்கெரி. கதவைச் சாத்தும்போது முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

வியாழக்கிழமை காலை ஹெல்கா ரௌனோ ஓட்டும் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனார். பயணிகள் இறங்கினார்கள். ஒரே ஒருவர் மட்டும், பின்சீட்டில் மீன் பிடிக்கும் கம்பியோடு ஒரு பெரியவர், இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ரௌனோ இன்ஜினை அணைத்துவிட்டுப் பிளாஸ்கைத் திறந்தார்.

"டிக்கெட் எடுத்துட்டு சும்மா இவ்வளவு தூரம் வர்ற ஆள் இல்லையே நீங்க" என்றார்.

"நான் உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன், ரௌனோ. சனிக்கிழமை வீட்டோட வரல. வேற ஒருத்தருக்குப் போகுது. உங்களுக்கு செவ்வாய் நாலு மணி. நான் விசாரிச்சிருக்கணும், விசாரிக்கல."

ரௌனோ காபியை மூடியில் ஊற்றினார். ஊற்றி முடித்தும் குடிக்கவில்லை.

"நாளைக்கு நீங்க வராம இருக்கலாம்" என்றார் ஹெல்கா. "உங்க மேல எந்தப் பழியும் வராது. கௌக்கோகிட்ட நான் பேசிக்கறேன்."

"செவ்வாய் நாலு மணிக்கு அல்ப்போ வடக்க ரொவனியெமி தாண்டி எங்கேயோ இருப்பான்."

"தெரியும்."

"செவ்வாய் நாலு மணின்னா நல்ல முறைதான்" என்று பின்சீட்டிலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார். "கூட்டமே இருக்காது."

"உங்களை யாரும் கேக்கல" என்றார் ரௌனோ, திரும்பாமலே.

ஹெல்கா கண்ணாடி வழியே உறைந்த ஏரியைப் பார்த்தார். பிறகு, வரும் வழியெல்லாம் மனதில் புரட்டிக்கொண்டே வந்ததைச் சொன்னார்.

"எதிர்வரிசையில என் வீடு இருக்கு. எங்க கட்டடத்துல முறை வீட்டுக்குத்தான், அதை நான் நேத்து நிர்வாகிகிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன். சனிக்கிழமை ஆறு மணி. விருந்தாளியைக் கூட்டிட்டு வரலாம். நீங்களும் அல்ப்போவும் என் விருந்தாளியா வாங்க. உங்க செவ்வாய்க்கிழமையை எனக்குக் குடுங்க. இங்கெரிக்கு அப்புறம் வரிசையில உங்களுக்கு சனிக்கிழமை வர்ற வரைக்கும்."

"அது எப்போ வரும்?"

"யாராவது வீடு விக்கணும்."

"நீங்களே வித்துக்குடுப்பீங்க" என்றார் ரௌனோ.

அவர் காபியை ஒரே மடக்கில் குடித்தார். சனிக்கிழமை சௌனாவை ஒருத்தர் விட்டுக்கொடுப்பது என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹெல்காவுக்கு ஞாயிறு முழுக்கப் படியேறி இறங்குகிற வேலை. அதற்கு முந்தைய மாலை அந்த ஒரு மணி நேரம்தான் அவர் வாரத்தின் ஒரே ஓய்வு.

"இதைவிட மோசமான யோசனை கேட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ரௌனோ இன்ஜினைப் போட்டார்.

சம்மதமா இல்லையா? திரும்பும் வழி முழுக்க ஹெல்கா அதையே யோசித்தார். இத்தனை வருட அனுபவமும் அன்று உதவவில்லை. வெள்ளிக்கிழமை வங்கியில் கௌக்கோ சீக்கிரமே வந்து தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யர்மோ ஹெல்காவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினான்: "வந்தாரா?" ஹெல்கா தொலைபேசியைப் பைக்குள் போட்டார். நேரம் தாண்டியது. கௌக்கோ இரண்டாவது முறை "பஸ் லேட்டோ" என்று கேட்டபோது கதவு திறந்தது. ரௌனோ சீருடையிலேயே இருந்தார். கை குலுக்கினார், உட்கார்ந்தார், பேனாவைக் கேட்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு ஹெல்காவைப் பார்த்தார். "துண்டு நாங்க கொண்டு வரணுமா?"

"நீங்கதான் கொண்டு வரணும்" என்றார் ஹெல்கா.

இப்போதெல்லாம் செவ்வாய் மாலை நாலு மணிக்கு ஹெல்கா தெருவைக் கடந்து எதிர்க் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போகிறார். அந்த நேரத்தில்தான் வாங்குகிறவர்கள் விலை சொல்ல அழைப்பார்கள். உடை மாற்றும் அறை பெஞ்சில் தொலைபேசி அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகரும். அவர் மேல்படியில் உட்கார்ந்து கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டா" என்று யர்மோவே வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடுகிறான்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு, மறுநாளைக்கான பலகைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, தன் கட்டடத்து வாசல் பெஞ்சில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருப்பதை ஹெல்கா பார்ப்பார். இடுப்பில் துண்டு, தோளிலிருந்து ஆவி பறக்கும். நடுவில் கடுகுச் சாந்தோடு ஒரு தட்டு சாஸேஜ். அல்ப்போ பேசிக்கொண்டிருப்பார். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததை, சாலையில் குறுக்கே வந்த கலைமானிலிருந்து ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை அவர் பேச்சை நிறுத்தி ஹெல்காவின் பக்கம் தலையாட்டினார்.

"டேய் ரௌனோ, அந்தம்மா உனக்கு வீடு வித்தாங்களா, சௌனா வித்தாங்களா?"

ரௌனோ சாஸேஜைக் கடுகில் நன்றாகப் புரட்டினார்.

"ரெண்டுமே மோசம்னு சொல்ல முடியாது" என்றார்.

ஹெல்கா கார்க் கதவைச் சாத்தினார். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள அவருக்கு யோசனை தேவைப்படவில்லை.