விடிய மெட்ராஸ்

மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி நேரச் சொச்சம் என்று என் மருமகன் போனைக் காட்டினார். நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டராம். "பேசாம பிளைட்லயே போங்க மாமா, ஏறி உக்காந்தா எறங்க வேண்டியதுதான்" என்றார். எனக்கு உடனே கவலை வந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து எதுவரை? வீட்டு வாசலிலிருந்தா, விமானம் தரையை விட்ட பிறகா? கேட்டதும் சிரித்தார். சிரிக்கட்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. அதற்குக் காரணம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இளவட்டமாக இருந்தபோது ஆம்னி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் வேலை. டீசல் புகையும் பூ மார்க்கெட் மல்லிகையும் கலந்து ஒரு வாசம் வரும் பாருங்கள், இன்றைக்கும் தலை நிறையப் பூவோடு யாராவது பைக்கில் கடந்து போனால் என் தொண்டை தானாக "மெட்ராஸ், மெட்ராஸ்" என்று திறக்கப் பார்க்கும்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டால் "விடிய மெட்ராஸ்" என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் பஸ் ஆபீசைப் பார்த்துக்கொண்ட அண்ணன் சொல்லிக்கொடுத்தது அது. "விடியறதுக்கு ஏது மாப்ள மணி? ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு நேரம் விடியும்" என்பார். வண்டி நிறையாமல் கிளம்பாது. வழியெல்லாம் நின்று ஆள் ஏற்றும். எங்கள் விடியல் சில நாள் பத்து மணிக்கு மேல்தான் வரும். அனுப்பிவிட்ட வண்டி திண்டிவனத்தில் பஞ்சராகி நிற்பதாக நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்காது. "இவன் கவலைக்கு டிக்கெட் போட்டா ஒரு பஸ்ஸு ரொம்பிரும்" என்று கேலி செய்வார்கள்.

ஒரு சாயங்காலம் டி. கல்லுப்பட்டியிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பெண்ணுக்கு வேலைக்கு இன்டர்வியூ. நான் வழக்கம்போல "விடிய மெட்ராஸ்" என்றேன்.

"விடியன்னா எத்தன மணிக்குண்ணே?" என்றாள்.

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். பாதி சீட்டு காலி.

"இதுல ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு, கிளம்ப நின்ற கவர்மெண்ட் பஸ்ஸைப் பார்த்து நடந்தேன். அண்ணன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"டேய், கைக்கு வந்த டிக்கெட்ட எங்கடா தூக்கிட்டுப் போற? கூறு கெட்டவனே!"

"பத்து மணிக்கு இன்டர்வியூண்ணே. லேட்டாப் போனா உள்ள விட மாட்டாக."

"அதுக்கு நீ ஏன்டா இம்புட்டுப் பதறுற? ஒனக்கா வேலை?"

நான் பெட்டியை விடவில்லை. இருவரையும் உட்கார வைத்து, கண்டக்டரிடமும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். பஸ் நகரும்போது எங்கள் ஆபீஸ் கார்டை ஜன்னல் வழியே நீட்டி, "போய்ச் சேந்ததும் ஒரு போன் போட்டுருங்கம்மா" என்றேன்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. எடுத்தவர் அண்ணன். கேட்டுவிட்டு என்னை முறைத்தார். "நேரத்துக்கு உள்ள போயிருச்சாம். ஏறுனது கவர்மெண்ட் பஸ்ஸு, நன்றி சொல்றது நம்ம போன்ல!"

துரத்திவிடுவார் என்றிருந்தேன். துரத்தவில்லை. நானும் அதன்பிறகு "விடிய" என்று கூவவில்லை. கேட்டவருக்கெல்லாம் நிஜ மணியைச் சொன்னேன். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

போன மாதம் மாட்டுத்தாவணிப் பக்கம் போயிருந்தேன். கூவுகிற ஆள் ஒருவருமில்லை. வருகிறவர்கள் போனைப் பார்க்கிறார்கள், பேசாமல் ஏறிக்கொள்கிறார்கள். எப்போது போய்ச் சேரும் என்பதெல்லாம் அதிலேயே தெரிகிறதாம். நல்லதுதான். ஆனால் தாமதமானால் திரும்பி வந்து சட்டையைப் பிடித்துக் கேட்க அங்கே ஓர் ஆள் இல்லை.