அக்கா பார்க்கச் சொன்ன பக்கம்

திரையில் வரும் அந்தச் சிவப்பு அறிவிப்பின் தமிழை எழுதியவன் நான்தான். "இந்த இணையத்தளம் கம்பனியால் தடைசெய்யப்பட்டுள்ளது. தேவையெனில் கணினிப் பிரிவுடன் தொடர்புகொள்ளவும்." சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கொழும்புத் தலைமை அலுவலகம் அனுப்பியிருந்தது. 'தயவுசெய்து' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பதா விடுவதா என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்து, கடைசியில் விட்டேன். கணினிப் பிரிவு என்று பெரிதாக எழுதினேனே தவிர, அந்தப் பிரிவில் இருந்தது நானும் ஒரு மேசையும் கரகரவென்று சுற்றும் ஒரு மின்விசிறியும்தான். அறிவிப்பு வேலைசெய்யத் தொடங்கிய முதல் நாள், காலை எட்டரை மணிக்குள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர் பில் போடும் அக்கா.

திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கைக் களஞ்சியத்தில் அடுக்கி, பிறகு லொறிகளில் ஏற்றி அனுப்புவது எங்கள் கம்பனியின் தொழில். லொறி வெளியே போவதற்கு அக்காவின் பில் வேண்டும். பதினைந்து வருடத்துக்கு மேலாக அதே கதிரை, அதே வேலை. நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. யாரோ ஒருவர் வேலை நேரத்தில் படம் இறக்கப்போய் இணைப்பு மந்தமாகி, கப்பல் ஒன்றின் பத்திரங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தலைமை அலுவலகம் கொதித்துப்போய், வேலைக்குத் தேவையான தளங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடச் சொன்னது. இருபத்தைந்து வயதுப் பொடியனிடம் இப்படி ஓர் அதிகாரத்தைக் கொடுத்தால் எப்படியிருக்கும்? எனக்குத் தலைகால் தெரியவில்லை. பூட்டுவதற்கு முன்னமே, யார் யார் எந்தப் பக்கத்தை எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று பட்டியல் எடுத்து, யாரும் கேட்காமலே முகாமையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் அதைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாசித்தார். ஒருவர் கிரிக்கெட், ஒருவர் சட்டை விற்கும் கடை, இன்னொருவர் வேறு வேலை தேடும் பக்கம். "ஓராள் ஒவ்வொரு நாளும் காலமை மரண அறிவித்தல் பாக்கிறா" என்று நிறுத்தி, அக்காவைப் பார்த்து, "இண்டைக்கு ஆரின்ர செத்தவீடு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா, "சும்மா ஊரில என்ன புதினம் எண்டு பாக்கிறனான் சேர்" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த பேனையின் மூடியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

மரண அறிவித்தல் பக்கத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உலகத்தின் எந்த மூலையில் ஒருவர் கண்ணை மூடினாலும், படம் போட்டு, பிறந்த ஊர் போட்டு, இன்னாரின் மகன், இன்னாரின் சகோதரன் என்று உறவுகளையெல்லாம் வரிசைப்படுத்தி, தகனம் எப்போது என்றும், நேரலையில் எங்கே பார்க்கலாம் என்றும், யாருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும் என்றும் போட்டுவிடுவார்கள். அரைவாசி ஊர் வெளிநாட்டில் இருக்கும்போது பறையடித்துச் சொல்லவா முடியும்?

தடை வந்த முதல் நாள் அக்கா கேட்டது சின்ன விஷயம். "தம்பி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்குத் திறந்துவிட ஏலாதோ? ரெண்டு நிமிசம் காணும்."

"ஏலாது அக்கா. வேலைக்குத் தேவையெண்டு காரணம் எழுதி, மனேஜரிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ."

"வேலைக்குத் தேவையில்லையே தம்பி" என்றார் அக்கா. மற்றவர்கள் எல்லோரும் ஏதோவொரு பொய்யை எழுதிக் கொடுத்து, பூட்டியதில் பாதியைத் திறந்துகொண்டார்கள். அக்காவுக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை.

இரண்டு நாள் கழித்து மதிய இடைவேளையில், கேற்றடி வேப்பமரத்தின் கீழ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஊர் கிளிவெட்டி. தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட, வயல் செய்து இவரை வளர்த்தது அண்ணன். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் பிரான்சுக்குப் போய், அங்கேயிருந்து காசு அனுப்பிப் படிப்பித்ததும் அவர்தான். ரவுணில் வேலை கிடைத்து, மாதா கோயிலுக்குப் போகும் ஒரு வேதக்கார ஓட்டோக்காரரை அக்கா விரும்பிக் கட்டியபோது, இனி எனக்குத் தங்கச்சி இல்லை என்று அண்ணன் தொலைபேசியை வைத்தார். பதினெட்டு வருடம் ஒரு கதை பேச்சில்லை. இப்போது அவருக்குச் சிறுநீரகத்தில் வருத்தம் என்று ஊர்ப் பக்கமிருந்து காதில் விழுந்திருக்கிறது.

"அவருக்கு ஒண்டு நடந்தா எனக்கு ஆரும் சொல்லமாட்டினம் தம்பி. இதில பாத்தாத்தான். நேரலையிலயாவது கடைசியா ஒருக்கா முகத்தைப் பாக்கோணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

வீட்டில் பார்க்கலாமே என்று கேட்டேன். வேலைக்கு வருபவர்களின் போனைக் கேற்றிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்; அக்காவிடம் இருந்ததும் வெறும் பொத்தான் போன்தான். படம் தெரியும் போன் வீட்டுக்காரரோடு ஓட்டோவில் போய்விடும். "அந்த மனுசனுக்கு முன்னால இதைத் தேடினா, தன்னைக் கட்டினதாலதானே எண்டு நொந்துபோவார். அவர் பாவம்" என்றார். எனக்கு மனம் இளகிவிட்டது. நான் ஒவ்வொரு நாளும் என் போனில் பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அக்காவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அந்தப் பக்கத்தைத் திறந்துவிட எனக்கு ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யாமல், என்னவோ பெரிய உதவி செய்பவனைப் போல இதைச் செய்தேன்.

மூன்று கிழமை ஒழுங்காகப் பார்த்தேன். காலையில் பஸ்ஸில் வரும்போதே கிளிவெட்டி என்று போட்டுத் தேடுவேன். ஒருநாள் எழும்பப் பிந்தி, பார்க்காமல் ஓடி வந்தேன். அக்கா வழக்கம்போல் தலையை நிமிர்த்திக் கண்ணால் கேட்டார். "ஒண்டும் இல்லை அக்கா" என்று சொன்னேன். அடுத்த நாள் பார்த்தேன், உண்மையிலேயே ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. பிறகு இரண்டு நாளுக்கு ஒருதரம், கிழமைக்கு ஒருதரம் என்றாகி, கடைசியில் அந்தப் பதில் வாயில் தானாக வரத் தொடங்கியது.

வெருகல் முருகனுக்குத் திருவிழா வந்தது. வேதக்காரரைக் கட்டினாலும் அக்கா அந்தத் தீர்த்தத்தை ஒரு வருடமும் விட்டதில்லை. அண்ணனின் பேரில் நேர்த்திக்கடன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போகும்போது என் மேசையடிக்கு வந்தார். "தம்பி, இண்டைக்குப் பாத்தனீங்கள்தானே? நாளைக்கு வெருகலுக்குப் போறன். கூடப்பிறந்தவன் செத்த துடக்கோட கோயில் வாசல் மிதிக்கப்படாது. அதுதான் கேக்கிறன்." நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்டும் இல்லை அக்கா, சந்தோசமாப் போயிட்டு வாங்கோ" என்றேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். எனக்கும் ஒரு சின்னப் பொட்டலம். "திங்கள் தீர்த்தம் ஆடினனான் தம்பி. அண்ணன்ர பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தனான். ஐயர் நல்லா மந்திரம் சொன்னவர்." அந்தப் பொட்டலத்தை வாங்கி மேசையில் வைத்தேன். எத்தனை நாள் பார்க்கவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு நாள். மதியம் கேற்றில் கொடுத்து வைத்த போனை வாங்கிக் கிளிவெட்டி என்று போட்டேன்.

'கிளிவெட்டியைப் பிறப்பிடமாகவும் பிரான்சை வதிவிடமாகவும் கொண்ட...' முதலாவதாக அதுதான் வந்தது. அக்காவின் அதே மூக்கு, அதே கண். அறிவித்தல் போட்டது போன புதன்கிழமை. தகனம் திங்கட்கிழமை, எங்கள் நேரத்துக்குப் பிற்பகல். உறவுகளின் வரிசையில் 'பாசமிகு அண்ணனும்' என்பதற்கு முன்னால் அக்காவின் முழுப் பெயரும், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் திருகோணமலை என்றும் இருந்தது. பதினெட்டு வருடம் கதைக்காத மனிதர். வேப்பமரத்தடியிலேயே குந்தி இன்னொரு தரம் வாசித்தேன்.

அக்காவைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்தேன். வாயால் சொல்ல எனக்குத் துணிவு இருக்கவில்லை. அவர் மெதுவாக வாசித்தார். தன் பெயர் வந்த இடத்தில் பெருவிரலை வைத்து அப்படியே நின்றார். பிறகு மேலே தள்ளித் திகதியைப் பார்த்தார். "இந்த நம்பரை அழுத்துங்கோ தம்பி" என்று மட்டும் சொன்னார்.

லொறிச் சத்தத்தில் கேட்காதென்று, சத்தம் வெளியே கேட்கும்படி போட்டுப் போனை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்தவர் அண்ணனின் மனைவி. யார் பேசுவதென்று அக்கா சொன்னார்.

"உம்மட பேரையும் போடச் சொல்லிப்போட்டுத்தான் மனுசன் கண்ணை மூடினது" என்றார் அவர். "அவள் பாப்பாள், பாத்த உடன எடுப்பாள் எண்டவர். நாங்கள் அஞ்சு நாளும் போனைப் பக்கத்தில வைச்சுக்கொண்டிருந்தனாங்கள். பெட்டி மூடுற நேரமும் பாத்தம். ஏன் நீர் எடுக்கேல்லை?"

அக்கா என்னைப் பார்த்தார். கோபமான பார்வை என்றால் நான் தாங்கியிருப்பேன். பிறகு போனுக்குக் கிட்டக் குனிந்து, "வேலை கூடிப்போச்சு மச்சாள். பாக்க நேரம் கிடைக்கேல்லை" என்றார்.

"சரி. அப்ப வேலையைப் பாரும்" என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

நான்தான் பார்க்கவில்லை, நான்தான் பூட்டினேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது! போன் என் கையில்தானே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா குழாயடிக்குப் போய் முகம் கைகால் கழுவி, நெற்றி விபூதியை அழித்துவிட்டு உள்ளே போனார். நாலு லொறி பில்லுக்காக நின்றுகொண்டிருந்தது. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அந்த மச்சாளிடம் போனில் நான் வாங்கிக் கட்டியிருப்பேன், அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் நடந்திருக்காது. அந்த அவ்வளவுக்காகத்தான் அவர் தன் உறவையே விட்டுக்கொடுத்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த நாளே அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டேன். காரணமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பட்டியல் எடுக்கும்போதெல்லாம் அக்காவின் வரியைத்தான் முதலில் தேடுவேன். அவர் அதை ஒருதரம்கூடத் திறக்கவில்லை. இப்போது கம்பனியில் அந்தத் தடையே இல்லை. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, கேற்றில் வாங்கி வைப்பதையும் விட்டுவிட்டார்கள். அக்காவும் ஓய்வுபெற்று, மட்டக்களப்பில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். நான்தான் இன்னும் ஒவ்வொரு நாள் காலையும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன்.

அவர் ஓய்வுபெற முன்னர், அண்ணனின் ஆண்டுத் திவசம் வந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று அதே படத்தோடு போட்டிருந்தார்கள். மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பிரான்சில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரங்கள்வரை எல்லோருடைய பெயரும் இருந்தது. மேலிருந்து கீழாக மூன்று தரம் வாசித்தேன். அக்காவின் பெயர் மட்டும் இல்லை.

அன்று பின்னேரம் அக்கா என் மேசையடியில் வந்து நின்றார். ஒரு வருடத்தில் முதல் தரம். "எனக்குத் திறந்து பாக்க மனம் வரேல்லை தம்பி. நீங்கள் பாத்திருப்பீங்கள். என்ர பேரும் கிடக்கோ?"

"கிடக்கு அக்கா" என்றேன். "முதலாவதாப் போட்டிருக்கினம்."

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "போடுவினம் தம்பி" என்றார். "மச்சாள் நல்ல மனுசி."