சேறு துடைக்காத ஜீப்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாதா கோயிலுக்கு அது செஞ்சத எழுது. நர்சு வேலையில வாங்கின நல்ல பேர எழுது. அந்த பொம்மை காருங்கள பத்தி மட்டும் எழுதாதடா. நாலு பேரு படிக்கறது" என்றார். அப்பா இறந்த பிறகு எங்களைத் தாங்கிப் பிடித்தவர் சித்தப்பா. அவர் பேச்சை மீறி எனக்குப் பழக்கமில்லை. இந்த ஒன்றில் மீறுகிறேன். கார்களை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரின் அக்காவைப் பற்றியதாகிவிடும்.

அக்கா பிறந்தது எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூரில். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிரிட்டார். அக்கா தலைப்பிள்ளை. நான் கடைசி. அக்கா பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா கரும்பு வெட்டப் போனார். அக்கா விடுமுறையில் அம்மாவுடன் வெட்டப் போனார், படித்தார், செவிலியர் பயிற்சியை முடித்தார். முதல் வேலை கல்வராயன் மலையில், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்தது.

மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் போன மறுநாளே கீழே இறங்க வழி தேடுவார்கள். அக்கா தேடவில்லை. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், வேலையைக் கீழே மாற்றிக்கொண்டு வந்தால் மேற்கொண்டு பேசலாம் என்றார்கள். அக்கா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மலைய விட்டு எறங்கினாத்தான் தாலின்னா, எனக்கு மலையே போதுங்க" என்றார். அம்மா அழுதார். சித்தப்பா ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. அதன் பிறகு வந்த வரன்களிடமும் அக்கா இதையேதான் சொன்னார். பிறகு வரன்கள் வருவது நின்றது. அக்கா அதற்காக வருந்தியதாக யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தேன். ஒரு முறை ஊருக்கு வரும்போது சித்தப்பாவின் பேரனுக்கு ஒரு கார் வாங்கி வந்தேன். பெட்டியின் மேல் பளபளவென்று சிவப்புக் கார் படம். திறந்தால் உள்ளே கார் இல்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் கதவும் சக்கரமும் என்ஜினும் ஆணிபோன்ற துணுக்குகளும் கொடியில் பிஞ்சு தொங்குவதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து நாமேதான் காரைச் செய்துகொள்ள வேண்டும்.

"இன்னாடா இது? ஒடச்சிப் போட்ட காரை வாங்கினு வந்திருக்கியே!" என்றார் சித்தப்பா. வீடே சிரித்தது. பேரன் அழுதான். பெட்டி அலமாரிக்கு மேலே போனது.

விடுப்பு முடிந்து மலைக்குத் திரும்பும்போது அக்கா அந்தப் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "யாருக்கும் வாணாம் இல்ல? நா எடுத்துக்கினு போறேன்" என்றார்.

மலையில் மழைக்காலம் என்றால் பாதை அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால் பேசக்கூட ஆள் இருக்காது. அந்த மழையில் அக்கா முதல் காரைச் செய்தார். நகவெட்டியால் வெட்டினார். பிசிறை உப்புத்தாளால் தேய்த்தார். பசை அதிகமாகிக் கண்ணாடியெல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. பெயின்ட் காய்வதற்குள் தொட்டுவிட்டார். "மேல் கூரையில என் கட்டைவெரல் ரேகை அப்டியே பதிஞ்சிக்கினு இருக்குதுடா. போலீசு பாத்தா என்னத்தான் புடிப்பாங்க" என்று போனில் சிரித்தார். மறு வாரம் அந்தக் கூரையை மொத்தமாகத் தேய்த்துவிட்டு மீண்டும் அடித்தார். மலையின் பனிக்காற்றில் பெயின்ட் வெளிறிப்போகும் என்பதை அதில்தான் கற்றுக்கொண்டார். அதன் பிறகு வெயில் அடிக்கும் நாள் வரை காத்திருந்துதான் பெயின்டைத் தொடுவார்.

நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்குப் புடவை வாங்காமல் இதுபோன்ற கார்ப் பெட்டிகளை, கிட் என்பார்கள், வாங்கி வர ஆரம்பித்தேன். பழைய மின்கம்பியைப் பிரித்து, ஒற்றை இழைகளை என்ஜினுக்கு ஒயராக ஓட்டினார். ரிப்பனை நறுக்கி சீட் பெல்ட் வைத்தார். ஸ்பீடோமீட்டர் முள்ளுக்கு வெள்ளைப் பெயின்ட் வைக்கத் தன் தலைமுடி ஒன்றைக் குச்சியில் கட்டிக்கொண்டார். கதவை மூடிவிட்டால் இதில் எதுவும் வெளியே தெரியாது. "யாரு பாக்கப் போறாங்கக்கா?" என்று கேட்டேன். "நா பாத்துட்டேனே" என்றார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது சித்தப்பா ஆரம்பித்தார். "இன்னாம்மா, இந்த வயசுல பொம்மை செஞ்சிக்கினு. கேக்கறவங்களுக்கு நாங்க இன்னா பதில் சொல்றது?"

அக்கா பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார். கரண்டியை நிறுத்தவில்லை. "சித்தப்பா, நீங்க தெனம் சாயங்காலம் சீட்டாடறீங்க. அதப் பத்தி யார்னா கேட்டா நா இன்னா பதில் சொல்றேனோ, அதயே நீங்களும் சொல்லுங்க."

சித்தப்பா தட்டை நீட்டிப் பிரியாணி வாங்கிக்கொண்டார்.

அக்கா செய்த எல்லாக் கார்களையும் பற்றி எழுத இந்த மலர் போதாது. ஒன்றைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

மலையில் சின்னையன் என்றொருவர் ஜீப் ஓட்டினார். பஸ் போகாத ஊர்களுக்கு அதுதான் போக்குவரத்து. புளி மூட்டையும் ஆட்களும் ஆடும் ஒன்றாக ஏறும். ஓர் ஐப்பசி மழையில், பிரசவ வலி எடுத்த அலமேலு என்ற பெண்ணை அந்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அக்கா கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குப் புறப்பட்டார். பாதி வழியில், கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து கிடந்தது. சக்கரம் அச்சுவரை புதைந்துவிட்டது. பின்னால் போகவும் முடியவில்லை. பட்டப்பகலிலேயே மூடுபனியில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. அலமேலுவோ பொறுக்கிற நிலையில் இல்லை.

"நர்சம்மா, நா ஓடிப் போய் ஆளக் கூட்டியாரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார் சின்னையன்.

"ஆளு வந்து இன்னா பண்ணுவாங்க? நீ அந்தத் தார்ப்பாய இழுத்துப் புடி. தண்ணி உள்ள வராம பாத்துக்கோ. மத்தத நா பாத்துக்கறேன்."

ஜீப்பின் பின்சீட்டில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. முதலில் அழவில்லை. அக்கா அதன் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம். அழுகைச் சத்தம் கேட்டதும், தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டிருந்த சின்னையனும் சேர்ந்து அழுதாராம். இதைப் பல வருடம் கழித்து என்னிடம் சொன்னது சின்னையன்தான். அக்கா சொல்லவே இல்லை.

அந்த ஜீப்புக்கு வயதாகிவிட்டது. இனி ஓட்டக் கூடாது என்று ஆகி, பழைய இரும்புக்குப் போனது. அதைக் கேள்விப்பட்ட வாரமே அக்கா எனக்குப் போன் செய்தார். "ராணுவ ஜீப் கிட் ஒண்ணு வேணும்டா. எங்க கெடச்சாலும் வாங்கியா."

கிட்டில் இருந்தது போருக்குப் போகும் பச்சை ஜீப். அக்கா அதன் பின்பக்கத்தை அறுத்து நீட்டினார். தார்ப்பாய்க் கூரைக்குக் காயத்துக்குக் கட்டும் வலைத்துணியைப் பசையில் நனைத்துப் போர்த்தினார். கிழிந்த சீட்டுக்குள் பஞ்சு தெரிய வைத்தார். பம்பரை நூல் கயிற்றால் கட்டினார், அசலில் அப்படித்தான் கட்டியிருந்தது. கடைசியாக அந்த வளைவின் மண்ணையே எடுத்து வந்து, மெல்லிய துணியில் சலித்து, பசையும் நிறமும் கலந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் அச்சுவரை தெறிக்கவிட்டார். புதிதாக மின்னிய வண்டி, மலைப்பாதையில் அடிபட்ட வண்டியாக மாறியது.

முடித்ததும் சின்னையனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "எல்லாஞ் சரிங்கம்மா. இடப்பக்கக் கண்ணாடி எங்க வண்டியில இல்லீங்களே. அது எப்பவோ ஒடஞ்சி பூடுச்சே" என்றார்.

அந்தச் சின்னக் கண்ணாடியைச் செய்ய அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்திருந்தார். "ஆமா இல்ல!" என்று சொல்லிவிட்டு, நகத்தால் அதைப் படக்கென்று ஒடித்துப் போட்டார். "இப்ப சரியா?" என்று கேட்டார். "இப்பதாங்க நம்ம வண்டி" என்றார் சின்னையன்.

அந்த ஜீப்பைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் சென்னைக்குப் போனோம். இப்படி மாதிரி வண்டிகள் செய்கிறவர்கள் கூடி அங்கே ஒரு கண்காட்சி நடத்துவார்கள். பதிவு மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். "மேடம், பையன் வரலீங்களா?"

"எந்தப் பையன்?"

"இத செஞ்ச பையன்."

"நாந்தாங்க செஞ்சேன். எனக்குப் பையன் கெடையாது."

அவர் சங்கடப்பட்டு, ஜீப்பை வாங்கிப் பார்த்தார். "நல்லாருக்குங்க. மேல இருக்கிற அழுக்க மட்டும் தொடச்சிட்டு வெச்சிடலாமா?" என்றார்.

"அது அழுக்கில்லீங்க. வண்டிக்கு வெச்ச வேல அது. அதத் தொடச்சா மீதி இன்னா இருக்குது?"

சற்று நேரத்தில் பார்த்தால், ஜீப்பைப் பள்ளிப் பிள்ளைகளின் மேசையில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அக்கா அதைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து, பெரியவர்கள் செய்த கார்களுக்கு நடுவே, பளபளக்கும் ஒரு பந்தயக் காரைச் சற்றுத் தள்ளிவிட்டு வைத்தார். பதிவு மேசைக்காரர் ஓடி வந்தார். "இங்க வெச்சா இருக்கும். இல்லன்னா நா எடுத்துக்கினு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிடுவேன். நீங்களே சொல்லுங்க" என்றார் அக்கா. ஜீப் அங்கேயே இருந்தது.

பரிசு கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அக்கா முறுக்கைக் கடித்தபடி, "அடுத்த வருசமும் இதயேதான் எடுத்துக்கினு வரப் போறேன்" என்றார். சொன்னபடி அதையேதான் கொண்டுபோனார். அப்போதும் பரிசில்லை. அதற்கடுத்த ஆண்டும் கொண்டுபோனார். இந்த முறை பதிவு மேசைக்காரர் எதுவும் கேட்காமல் பெரியவர்கள் மேசையில் இடம் விட்டு வைத்திருந்தார். "வாங்க மேடம், சேறு பத்திரமா வந்துச்சுங்களா?" என்று கேட்டார். அக்காவுக்குக் கடைசிவரை அங்கே பரிசு கிடைக்கவில்லை. அதைக் குறையாக நான் இங்கே எழுதவில்லை. அப்படியே நடந்தது என்பதற்காக எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. புதுச்சேரியில் வைத்தியம் பார்த்தோம். மருந்து ஏற்ற ஏற்ற விரல் நுனிகள் மரத்துப் போயின. சின்ன இடுக்கியைப் பிடித்தால் பிடித்தது தெரியவில்லை. பார்க்க வந்த உறவுகள், "இனிமே செபமாலைய எடுத்துக்கோம்மா, அதெல்லாம் எதுக்கு" என்றார்கள். அக்கா, "அதுவும் ஒரு கையில இருக்குது" என்றார். உண்மைதான். தலையணைக்கு ஒரு பக்கம் செபமாலை, மறுபக்கம் உப்புத்தாள்.

அக்கா கண்ணை மூடிய அன்று உடலை எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில் வைத்தோம். கூடத்து அலமாரி நிறைய, மலையிலிருந்து கொண்டுவந்த அக்காவின் கார்கள். "சாமியாரு வராரு, அதெல்லாம் எடுத்து உள்ள போடுங்க" என்றார் சித்தப்பா. நான் எடுக்கவில்லை. எடுக்க வந்தவர்களையும் விடவில்லை. அந்த நேரத்தில் மலையிலிருந்து சின்னையன் ஒரு வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அலமேலு வந்தார். அவருடைய மகளும் வந்தாள், பள்ளிச் சீருடையிலேயே. அக்காவின் காலடியில் அழுதுவிட்டு நிமிர்ந்த அலமேலு அலமாரியைப் பார்த்தார். மகளின் தோளைப் பிடித்து அருகே கொண்டுபோய், ஜீப்பைக் காட்டினார்.

"இதுலதான்டி நீ பொறந்த."

அந்தப் பெண் அலமாரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சித்தப்பா மனம் மாறினார் என்று நான் எழுத மாட்டேன். அவர் இன்றும் பொம்மை என்றுதான் சொல்கிறார். ஆனால் அன்று அலமாரியிலிருந்து எதையும் எடுக்கச் சொல்லி மறுபடி கேட்கவில்லை.

அக்காவின் நோய்க்காலத்தில் உடனிருந்த எல்லாருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. புதுச்சேரியில் அக்காவை நோயாளியாக நடத்தாமல் தங்களில் ஒருவராக நடத்திய செவிலியர்களுக்கு நன்றி. மருத்துவமனைக்கு அழைத்தபோதெல்லாம் வண்டி எடுத்து வந்த சின்னையனுக்கு நன்றி. மழையென்றும் பாராமல் மலையிறங்கி வந்து மண் போட்ட கைகளுக்கு நன்றி. அடக்கத் திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், அன்று வந்தவர்களுக்கெல்லாம் உலை வைத்த சித்திக்கும், முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்திய சித்தப்பாவுக்கும் நன்றி. சிரித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் சிரிப்பு அக்காவை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

கடைசியாக அக்கா செய்துகொண்டிருந்தது ஒரு பழைய காலத்து வெள்ளைக் கார். மரத்துப் போன விரல்களால் என்ஜினை முடித்தார், சீட்டுகளை முடித்தார், ஒரு கதவை மாட்டினார். அதற்குமேல் முடியவில்லை. ஒரு நாள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, "இத யாரும் முடிக்கக் கூடாதுடா. நா எது வரைக்கும் வந்தேன்னு இருக்கட்டும்" என்றார்.

அக்கா போன பிறகு, சென்னைக் கண்காட்சியின் அந்தப் பதிவு மேசைக்காரர் போன் செய்தார். மேடத்தின் நினைவாகத் தானே அந்தக் காரை முடித்துத் தருவதாகச் சொன்னார். நல்ல மனது அவருக்கு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அரைகுறைப் பொருள் வீட்டில் இருந்தால் ஆகாது என்று உறவில் சிலர் சொன்னார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்.

நினைவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள் கூடத்தில் அந்தக் காரைப் பார்க்கலாம். சக்கரம் எங்கே என்று கேட்பீர்கள். அக்கா மாட்டவில்லை. நாங்களும் மாட்ட மாட்டோம்.