தலையில்லாத பின்

ராஜபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கார்களில் கதவைப் பூட்ட அமுக்கி, திறக்க மேலே தூக்குவோமே, தலை பருத்த அந்தச் சிறு பின்னைப் பித்தளையில் கடைந்து கொடுப்பேன்.

ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் கான்சாபுரத்திலிருந்து வந்தார். "தலை வேண்டாம்ப்பா. களவாணிப் பயலுவ கம்பிய மாட்டித் தூக்கிருதானுவ" என்றார். அமுக்கினால் கதவுக்குள்ளேயே மூழ்கிவிடும்படி, நான்கையும் வழுவழுவென்று கடைந்து மாட்டினேன்.

பின்சீட்டில் அவர் மனைவி இருந்தார். பக்கவாதத்தில் வலது கை விழுந்தவர். "இத நான் எப்படிப்பா தூக்குவேன்?" என்று கேட்டார்.

"நீங்க எதுக்குத் தூக்கணும்மா? சார் வெளிய சாவி போட்டுத் தொறப்பாவ" என்று சிரித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, மனைவி பெயருக்கு அர்ச்சனை செய்ய அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போனார். நடக்க முடியாதவரைக் காரிலேயே விட்டு, சாவி இல்லாமல் இறங்காத பவர் கண்ணாடியை ஏற்றிப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். உள்ளே வரிசை நகரவில்லை. வெளியே உச்சி வெயில். அவர் பிரசாதத்தோடு திரும்பியபோது அந்த அம்மா உயிரோடு இல்லை.

பதினாறாம் நாள் கழித்துக் காரைக் கொண்டுவந்தார். "பழைய பின்னையே மாட்டிரு." பின் இறங்கும் துளையைச் சுற்றி, ரெக்சினில் நகக் கீறல்கள். குனிந்தபடியே பின்னைக் கழற்றினேன்.

"ஒன்னயக் குத்தம் சொல்லலப்பா" என்றார். "நல்லாத்தான் செஞ்சிருக்க. யாராலயும் தூக்க முடியல."

இப்போது யார் கேட்டாலும் தலை வைத்துத்தான் கடைகிறேன். மாட்டியதும் பின்சீட்டில் ஏறிப் பூட்டிக்கொண்டு, இடது கையால் தூக்கிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் திறந்துவிடுகிறது. உடனே இறங்கத்தான் கால் வருவதில்லை.