ஆறாம் கட்டிலின் மணி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். கதை கட்டிப் பிழைக்கிற ஆளில்லை நான். ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். பேய் என்றாலே சிரிப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமையோடு சரி.

நோயாளி கட்டிலோரப் பட்டனை அழுத்தினால், எங்கள் சர்வர் வழியாக நர்ஸ் அக்காவின் திரையில் மணி அடிக்கும். மாடிக்கொரு முகவரி. எந்தெந்த முகவரிக்கு சர்வர் காது கொடுக்க வேண்டும் என்று அதில் வரி வரியாக எழுதி வைத்திருப்போம். ஒரு வரி விட்டுப்போனால் அந்த மாடியில் எவ்வளவு அழுத்தினாலும் மணி அடிக்காது.

வெள்ளையடிக்க மூன்றாம் மாடியைக் காலி செய்திருந்தார்கள். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர். ஞாயிறு மாலை 4:10க்கு எடுத்தேன். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். போதாததற்கு அந்த மாடிக்குப் போகும் கேபிளையும் பிடுங்கிப் போட்டேன்.

4:17. இன்டர்காமில் நர்ஸ் அக்கா.

"தம்பி, மூணாவது மாடி ஆறாம் பெட்ல யாரு?"

அங்கே ஈ காக்காய்கூட இல்லை என்றேன். மணி அடிக்கிறதே என்றார்.

வரிகளைப் பார்த்தேன். மூன்றாம் மாடி இல்லை. கேபிள் மேசைமேல் கிடந்தது. ஆனால் அழைப்புகள் பதிவாகும் பக்கத்தில்... ஆறாம் கட்டில்... ஆறாம் கட்டில்... நிமிடத்துக்கு ஒன்று.

மேலே ஓடினேன். மெத்தைகூட இல்லாத இரும்புக் கட்டில். பெயின்டர்கள் பட்டனைக் கழற்றி, வயரை மடக்கிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

கையிலிருந்த போனில் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது பத்து நொடிக்கு ஒன்று.

கிரீச்... கட்டில்தான்.

"யாரு?" என்றேன்.

ஐந்து நொடிக்கு ஒன்று...

யாரோ உதவிக்குக் கூப்பிடுகிறார்கள். யாருக்கு, என்ன செய்வேன்? கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அழுகை வந்தது.

4:52.

நின்றது.

மறுநாள் அக்கா பழைய ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். போன மாதம் பதினாலாம் தேதி. ஆறாம் கட்டிலில் ஒரு பெரியவர். ஐந்து மணிக்கு ரவுண்ட்ஸ் போனபோது உயிர் இல்லை. கட்டைவிரல் பட்டன்மேலேயே இருந்ததாம்.

"அன்னைக்கு மணி அடிக்கவே இல்ல தம்பி. சர்வர்ல ஏதாச்சும் கை வச்சியா?"

என் அறைக்குப் போய்ப் பார்த்தேன். பதினாலாம் தேதி 4:17க்கு வரிகளைப் புதிதாக எழுதியிருக்கிறேன். மூன்றாம் மாடியை மறந்திருக்கிறேன். கவனித்துச் சேர்த்தது 4:52க்கு. அன்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பி வந்தேன். அக்கா ரிஜிஸ்டரை மூடாமல் காத்திருந்தார்.

"இல்லக்கா" என்றேன்.